புடியும் பிடுவும்

மார்கழி வந்து ஆத்துல தண்ணி எறங்கிச்சுன்னா அருவி சத்தம் கொறையும்னு வெளியூருக்காரங்க நெனப்பாங்க. கொறையாதுங்க. ஆடில ஒரே சத்தந்தான், பெரிய சத்தம், காது அதுக்குப் பழகிடும். மார்கழில அப்படி இல்ல. பாறைக்குப் பாறை தண்ணி பிரிஞ்சி தனித்தனியா உழும். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தாண்ட ஒண்ணு, காலுக்கடியில ஒண்ணு. பத்தடி தள்ளி நின்னு ஒருத்தன் கத்தினாலும் பாதி வார்த்ததான் வந்து சேரும். மீதியத் தண்ணி தின்னுடும். யாரு என்னைக் கேட்டாலும் இதத்தான் சொல்லித் தப்பிச்சிக்கிட்டு வந்தேன்.

அப்போ தர்மபுரிய தனி ஜில்லாவாப் பிரிக்கல. நாங்கல்லாம் சேலம் ஜில்லாதான். எனக்கு வயசு இருபத்திரெண்டோ மூணோ, யாரு எழுதி வெச்சாங்க. ஒகேனக்கல் துறையில பரிசல் தள்ளிக்கிட்டிருந்தேன். மூங்கில் பத்தையப் பின்னி மேல எருமத்தோல் போத்துன பரிசல். வெயில் காலத்துல தோலு மொடமொடன்னு காஞ்சிடும். மார்கழில காயவே காயாது. நாத்தம் வூடு வரைக்கும் வரும். எங்கம்மா என்னை வாசல்லயே நிக்க வெச்சி களி உருண்டையக் கையில குடுப்பா. "உள்ள வராதடா, செத்த எரும வந்த மாதிரி இருக்குது"ம்பா.

ஜெர்மன்காரனோட வெள்ளக்காரனுக்குச் சண்டை நடந்துகிட்டிருந்த காலம் அது. பெட்ரோல் கெடைக்காது. கரி போட்டு ஓட்டுற பஸ்ஸு பென்னாகரத்தோட நின்னுடும். அங்கேர்ந்து கீழ காட்டு வழி, மாட்டு வண்டி, இல்லேன்னா நடை. அப்படி இருந்தும் வருசக் கடைசில பெங்களூர்லேர்ந்து துரைங்க வருவாங்க. அவங்களுக்கு அது பெரிய பண்டிக, பத்து நாளு லீவு. அருவிக்கு இந்தாண்ட ஒரு திட்டுல கூடாரம் அடிச்சி தூண்டில் போடுவாங்க. அவங்க போனா தை அமாவாசக் கூட்டம். எங்களுக்கு வருசத்துல வயிறாரத் தின்ன மாசம் அந்த ரெண்டுந்தான்.

அதனால துறையில இடம் கெடைக்கறது லேசு இல்ல. மேட்டூர்ல அணை கட்டி தண்ணி தேக்கின பொறவு அது இன்னும் மோசமாச்சு. கீழ ஆத்தோரத்துல இருந்த ஊருங்க எல்லாம் முழுவிப் போச்சு. கோயிலு, கெணறு, களத்துமேடு எல்லாம் தண்ணிக்குள்ள. அந்த சனங்க சட்டி பானையத் தூக்கிக்கிட்டு மேல ஏறி வந்தாங்க. வந்தவங்கள்ல பாதிப்பேருக்கு ஆறு தெரியும், பரிசல் தெரியும். "எனக்கும் ஒரு இடம் குடுங்க"ன்னு துறையில வந்து நிப்பாங்க. எங்க துறைப் பெரியவரு, அவருதான் யாரு பரிசல் நிக்கலாம் நிக்கக்கூடாதுன்னு சொல்றவரு, வெத்தலையத் துப்பிட்டு, "தண்ணிதான் உங்கூரு, அங்கயே போய்க் குடியிருங்க"ம்பாரு. நாங்க சிரிப்போம்.

அப்படி ஊரு முழுவினவங்கள்ல ஒருத்தன்தான் என் தங்கச்சியக் கட்டினவன். அக்கரைக்காரன். வூட்டுல பேசறது கன்னடம். தமிழ் வரும், ஆனா வார்த்தைங்க கோணிக்கிட்டு வரும். ஊரும் இல்ல, நெலமும் இல்ல, எங்க வூட்டோட வந்து இருந்தான். மொத மொத என்னை எல்லார் முன்னாடியும் "பாவா"ன்னு கூப்ட்டான். அவங்க பாஷையில மச்சானுக்கு அப்படித்தான். துறையில இருந்தவங்க வுடுவாங்களா? "வாவா, போவா, பாவா"ன்னு ரெண்டு மாசம் என்னைப் பாத்தா ராகம் போட்டாங்க. எனக்கு அவன் மேலதான் கோவம் வந்துச்சு. "இனிமே மச்சான்னு கூப்புடு, இல்லேன்னா கூப்புடாத"ன்னேன். மாத்திக்கிட்டான்.

ஆத்த அவனுக்குத் தெரிஞ்ச மாதிரி எங்கள்ல ஒருத்தனுக்கும் தெரியாது. சுழியத் தூரத்துலேர்ந்தே நெறத்தப் பாத்துச் சொல்லுவான். அத நான் பெரியவருகிட்ட சொன்னேன். தங்கச்சி அழுது அழுது என்னைச் சொல்ல வெச்சா. "இடம் கெடைக்கலேன்னா நாங்க எங்கண்ணா போறது, தண்ணிக்குள்ளயா?"ன்னு கேட்டா. பெரியவரு சொன்னாரு: "இந்த வருசம் துரைங்க சாமான் எறக்கற வேலையில நிக்கட்டும். தப்பு இல்லாம முடிச்சான்னா தைலேர்ந்து அவன் பரிசலும் நிக்கலாம். தப்பு வந்துச்சு, அவனும் இல்ல, அவனுக்காகப் பேசின நீயும் இல்ல. ரெண்டு பேரும் துறைய வுட்டு மேல ஏறிடணும்."

அதுக்கு முன்ன ஒண்ணு இருந்துச்சு. எங்க துறையில அதுக்கு வாய் கழுவறதுன்னு பேரு. புது ஆளு யாரு வந்தாலும் மார்கழி விடியக்கால நெஞ்சு மட்டும் தண்ணில நின்னு கயித்து வார்த்தைங்களக் கத்தணும். ரெண்டே வார்த்ததான். கயித்த இறுக்கணும்னா புடி. தளத்தணும்னா வுடு. கரையில நெருப்பு போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கறவங்க காதுக்குச் சுத்தமா விழுந்தா மேல வரலாம். நானும் நின்னிருக்கேன். எனக்கு ஒரு பீடி குடிக்கற நேரத்துல முடிஞ்சிடுச்சு.

அவனுக்கு முடியல. புடின்றது வந்துடும். வுடுதான் வராது. கன்னடத்துல வுடுன்றதுக்கு பிடுன்னு சொல்லுவாங்க. பொறந்ததுலேர்ந்து அந்த வார்த்த. பல்லு கிட்டிப் போற குளிருல நாக்கு அதத்தான் தேடிப் போகும்.

"கத்துடா மாப்ள!"

"புடீ!"

"செரி. தளத்தறதுக்கு?"

"பிடூ!"

உடனே ரெண்டு பேரு எறங்கி தலைய அமுக்குவாங்க. மேல வந்து மூச்சு வாங்குவான். திரும்பக் கேப்பாங்க. திரும்ப பிடு. திரும்ப அமுக்குவாங்க. நாங்க நெருப்புல கடலக்காயச் சுட்டுத் தின்னுகிட்டிருந்தோம். பெரியவரு ஒவ்வொரு தப்புக்கும் ஒரு கடலத் தோல அவன் மூஞ்சில வீசினாரு. ஒருத்தன் சொன்னான், "பாவம்டா, பிடு பிடுன்னு பீடி கேக்கறான், யாராச்சும் ஒண்ணு குடுங்க." எல்லாரும் உழுந்து பொரண்டு சிரிச்சாங்க. எழுந்து போயி பீடியப் பத்த வெச்சி அவன் வாயில வெச்சது நான்தான். நெருப்புப் பக்கத்த உள்ள வெச்சேன். நானும் அவங்கள்ல ஒருத்தன்னு காட்டணும் இல்லீங்களா.

தங்கச்சி மேல பாறையில கம்பளிய வெச்சிக்கிட்டு நின்னா. "பொம்பளைக்கு இங்க என்னா வேல"ன்னு தொரத்திட்டேன். வெயில் ஏறுற வரைக்கும் நிக்க வெச்சோம். கடைசில வுடுன்னு சுத்தமா கத்தினான். ஒதடு நீலமா இருந்துச்சு. மேல வந்தவனுக்குப் பெரியவரு அவரு கையாலயே கடலக்காய் குடுத்தாரு. "இனிமே கயித்துல கன்னடம் வந்துச்சுன்னா தெரியும்"னு சொன்னாரு. பீடி மாப்ளன்னு பேரு அன்னிக்கு வந்ததுதான்.

எனக்கு ஒண்ணு இன்னிக்கும் சிரிப்பா வருது. ஒகேனக்கல்லுன்ற பேரே அவங்க பாஷதான். ஹொகேன்னா பொக. பொகையுற கல்லு. அந்தப் பேரச் சொல்லித்தான் நாங்க சோறு தின்னோம். அது எங்க வாயில எப்பவும் சுத்தமாத்தான் இருந்துச்சு போல.

சாமான் எறக்கறது எப்படின்னு சொல்லிடறேன், இல்லேன்னா அப்பறம் நடந்தது புரியாது. திட்டுக்குப் போற வழியில தண்ணி கொஞ்சம் இழுக்கும். இழுத்துட்டுப் போனா நேரா அருவிதான். அதனால ஆளு ஏறாம, சாமான மட்டும் பரிசல்ல அடுக்கி, கத்தாழ நார்க் கயித்துல கட்டி, மேலேர்ந்து கொஞ்சங் கொஞ்சமா கயித்த வுட்டு எறக்குவோம். மேல பாறையில ஒருத்தன் கயித்த ஒரு கல்லுல ஒரு சுத்து சுத்திப் புடிச்சிக்கிட்டு நிப்பான். அது நான். கீழ பாறை விளிம்புல இன்னொருத்தன் ஒக்காந்து, கயிறு கூர்ல ஒராஞ்சி அறுந்துடாம கையால தள்ளிக் குடுத்துக்கிட்டு, பரிசலப் பாத்து புடி, வுடுன்னு கத்துவான். அது அவன். மேல இருக்கறவனுக்குப் பரிசலும் தெரியாது, கீழ இருக்கறவனும் சரியாத் தெரியமாட்டான். கொரலுதான்.

அன்னிக்குக் காலைல பனியும் அருவிப் பொகையும் ஒண்ணாச் சேந்து என் கை எனக்கே மங்கலாத்தான் தெரிஞ்சிச்சு. நாலு நடை ஒழுங்கா எறக்கிட்டோம். கூடாரத் துணி, நாக்காலி, பாத்திரம். அவன் வுடுன்னான், வுட்டேன். புடின்னான், புடிச்சேன். அவ்ளோ சுத்தமா கத்தினான். அஞ்சாவது நடையில துரைங்க சாப்பாட்டுப் பொட்டி, ஒரு தொப்பாக்கிப் பொட்டி, நல்ல கனம். பாதி தூரம் போயிருக்கும். கயிறு வெடுக்குனு ஒரு இழு இழுத்துச்சு. சுழியில மாட்டியிருக்கணும். அப்போ கீழேர்ந்து அவன் கத்தினான்.

பிடுன்னு கத்தினான்.

கயித்துக்கும் கல்லுக்கும் நடுவுல அவன் வலது கை மாட்டிக்கிச்சுன்னு எனக்கு அப்போ தெரியாது. கயிறு இறுக்கமா இருக்கற வரைக்கும் அந்தக் கை வெளிய வராது. நான் வுட்டா வரும். வுட்டா பரிசல் போயிடும். ரெண்டாவது தடவ கத்தினான், பிடு பிடுன்னு. நான் புடிச்சேன். புடிச்சது மட்டும் இல்ல, கால முட்டுக் குடுத்து ஒரு மொழம் உள்ள இழுத்தேன். கல்லுல இன்னொரு சுத்து சுத்தினேன். அதுக்கப்பறம் வந்தது வார்த்த இல்லீங்க, வெறும் சத்தம்.

ஆளுங்க ஓடி வந்து இன்னொரு கயிறு வீசி பரிசலத் திட்டுல சேத்த பொறவுதான் கயித்தத் தளத்தினோம். மொதல்ல பரிசல், பொறவுதான் கை. கட்டவெரல் இருந்துச்சு. ரெண்டு வெரலு பாறையிலயே போச்சு. மத்த ரெண்டும் நசுங்கி, அப்பறம் பென்னாகரத்துல வெட்டி எடுத்துட்டாங்க. சாமான் ஒரு சொட்டு நனையல. துரைக்கு ரொம்ப சந்தோசம். அடிபட்டவனுக்குன்னு ஒரு தகர டப்பா பிஸ்கோத்து குடுத்தனுப்பினாரு. அவன் பென்னாகரத்துல கெடந்தான். துறையில நாங்களே தின்னுட்டோம். வெண்ண வாசன அடிச்சிச்சு, நல்லாத்தான் இருந்துச்சு.

துரைங்க கெளம்பிப் போன மறுநாளு மணல்ல ஒக்காந்து விசாரிச்சாங்க. கைக்கட்டோட அவனும் வந்திருந்தான். தங்கச்சி பின்னால நின்னா. இந்தத் தடவ யாரும் தொரத்தல.

"நீ என்னாடா கத்தின?"ன்னாரு பெரியவரு.

வுடுன்னு கத்தினேன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா தப்பு எம்மேல வந்திருக்கும். அவன் இடம் தப்பிச்சிருக்கும். அவனுக்கு அது தோணவே இல்ல.

"பிடு அந்தேனுங்க," ன்னான். சொன்னேன்றதுக்கு அவங்க பாஷையில அந்தே.

சிரிப்புன்னா அப்படி ஒரு சிரிப்பு. "அந்தேன்! இன்னமும் அந்தேன்!" ஒருத்தன் இடுப்புலேர்ந்து பீடிய எடுத்து நீட்டினான். "இந்தா மாப்ள, எந்தக் கையில வாங்கற?"

பெரியவரு என் பக்கம் திரும்பினாரு. "உனக்கு என்னாடா கேட்டுச்சு?"

"புடின்னு கேட்டுச்சுங்க."

"உனக்குக் கன்னடம் தெரியுமில்ல?"

"தெரியுங்க. ஆனா கயித்துல தமிழ்தானேன்னு நெனச்சேங்க. அருவி சத்தம் வேற."

"நீ நெனச்சது சரிதான்," ன்னாரு. "வாய் கழுவியும் போகல, நாம என்னா பண்றது. நாலு வெரல் இல்லாதவன் துடுப்புப் போட முடியாது. முடிஞ்சாலும் வேணாம். இவன் மேல தப்பில்ல, இவன் நிக்கட்டும்."

நான் நின்னேன். முப்பது வருசம் நின்னேன்.

எனக்கு பிடுன்னுதான் கேட்டுச்சு. மொத தடவையே கேட்டுச்சு. பீடின்னு சிரிச்ச வார்த்த, நானே அவன் வாயில நெருப்ப வெச்ச வார்த்த, அது எனக்கு எப்படி வேற மாதிரி கேக்கும்? வலியில கத்தறான்னும் தெரிஞ்சிச்சு. தெரிஞ்சிதான் இழுத்தேன். அந்தப் பொட்டிங்க அருவில போனா ரெண்டு பேரும் மேல ஏறணும். வலியில கத்தறவன் ஒருத்தன்தானே. பயம்னு சொல்லிக்கலாம். பயந்தான். ஆனா அவன் சொன்னபடி கேக்க வேணாம்னு ஒரு சின்னக் குஷியும் அதுல இருந்துச்சுங்க. அதையும் சேத்துச் சொன்னாத்தான் சரியா இருக்கும்.

போகி அன்னிக்கு அவங்க கெளம்பினாங்க. ஊருல எல்லாரும் பழசக் கொளுத்திக்கிட்டிருந்தாங்க, ஆத்து மேலயும் பொக. அக்கரையில அவனோட பெரியப்பன் மொற ஒருத்தரு ஆடு மேக்க ஆளு கேட்டிருந்தாரு. ஆட்டுக்கு ஒரு கை போதும். அன்னிக்கு மொத மொற எம்பரிசலு. வேற பரிசலுக்குக் காத்திருக்கலாம்னு பாத்தாங்க. ஒருத்தனும் ஏத்திக்கல. வேடிக்க பாக்கணும்னு எல்லாரும் என்னையே காட்டினாங்க. ஏறிக்கிட்டாங்க.

நடு ஆத்துல என்னால பேசாம இருக்க முடியல. "வலி கொறஞ்சிச்சா மாப்ள?"ன்னு கேட்டேன்.

அவன் பதில் சொல்ல வாயத் தொறந்தான். கோவமே இல்ல அந்த மூஞ்சில. மச்சான்னு ஆரம்பிச்சிருப்பான்னு நெனக்கறேன்.

"அவன ஜொதெ மாத்தாட பேடா," ன்னா என் தங்கச்சி.

அவனோட பேசாதன்னு அர்த்தம். எங்கம்மா வயித்துல பொறந்தவ, அது வரைக்கும் எங்க யாரு முன்னாடியும் ஒரு வார்த்த கன்னடம் பேசினதில்ல. எனக்குப் புரியக்கூடாதுன்னு சொல்லல. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியும். அண்ணன்னு இல்லாம அவன்னு சொன்னா. அதையும் அந்தப் பாஷையில சொன்னா. அவன் வாய மூடிக்கிட்டான்.

அக்கரை வந்துச்சு. எறங்கறப்ப பழக்கத்துல வலது கைய நீட்டி பரிசல் விளிம்பப் புடிக்கப் போனான், புடிக்க முடியல, சாஞ்சான். நான் தாங்கப் போனேன். அவ நடுவுல வந்து அவன இறக்கி வுட்டா. திரும்பிப் பாக்காம மேட்டுல ஏறிட்டாங்க.

இந்தாண்ட வர ரெண்டு பேரு கரையில நின்னுகிட்டிருந்தாங்க. ஏத்திக்கிட்டு வந்தேன்.