கடற்பசுவின் ருசி

இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பல் முழுக்கச் சொல்லிவிட்டு அமெரிக்கா போன கிறிஸ்தோப்பர், பத்தொன்பதாம் நாள் ரூ லூயி-பிளாங் மீன்கடையில் பழையபடி பாரை வெட்டிக்கொண்டு நின்றார். சனம் சும்மா இருக்குமா? மருமகன் கழுத்தைப் பிடித்துத் தள்ளினானாம் என்றார்கள். விசாவில் பிழையாம் என்றார்கள். "என்ன அண்ணை, அமெரிக்கா ஒத்துவரேல்லையோ?" என்று முகத்துக்கு நேரே கேட்டுச் சிரித்தார்கள். "சரியான வெக்கை" என்றார் அவர். தை மாதத்தில் வெக்கையாம். அதற்கும் சிரித்தார்கள்.

மன்னார் பேசாலையிலிருந்து முப்பத்திரண்டு வயதில் பாரிஸ் வந்த மனிதர். ஊரார் தின்ற கோப்பைகளைக் கழுவினார், பிறகு மீன் வெட்டினார். மனைவி போன வருடம் செத்துப்போக, லா கூர்னெவில் ஒற்றை அறையில் தனியனானார். அப்போதுதான் புளோரிடாவிலிருந்து மகள் அஜந்தா கூப்பிட்டாள். "மூண்டு மாதம் இருந்து பாருங்கோ அப்பா. ஒத்துவந்தால் பேப்பர் அலுவலைத் தொடங்குவம்." புத்தியுள்ளவன் அறையை வைத்துக்கொண்டு போயிருப்பான். இவர் சாவியைக் கையளித்து, கட்டிலையும் ஆருக்கோ கொடுத்துவிட்டு விமானம் ஏறினார்.

அங்கே போன இரண்டாம் நாளே அவருக்கு விளங்கிவிட்டது. தான் இருப்பதும் போவதும் மகள் கையிலோ மருமகன் கிரிகோரி கையிலோ இல்லை. ஏழு வயதுப் பேத்தி ஆரெலி கையில். அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அவளோ காலையில், தாயிடம் பழகிய பிரெஞ்சில் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத் தன்பாட்டில் போய்விடுவாள். பேத்தியோடு பேச ஒரு விஷயம் கிடைக்காதா என்று கிழவர் இரண்டு கிழமை தவித்தார்.

விஷயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. பூசை முடிந்து எல்லோரும் ஒரு நீரூற்றுப் பூங்காவுக்குப் போனார்கள். நிலத்தடியிலிருந்து இளஞ்சூட்டோடு பொங்கும் தண்ணீர், அடி மண் தெரியும் தெளிவு. குளிருக்கு ஒதுங்கி வந்த பெரிய சாம்பல் உருவங்கள் அதில் அசையாமல் கிடந்தன. தொடக்கூடாது, சத்தம் போடக்கூடாது என்று பலகை. சனம் கோயிலில் நிற்பதுபோல மரப்பாலத்தில் நின்றது.

"ஐயோ, கடற்பசு!" என்று கிறிஸ்தோப்பர் கத்தினார்.

ஆரெலி திரும்பினாள். "உங்களுக்கு இதைத் தெரியுமா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

தெரியுமாவா! தனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் கூட்டி அள்ளிக் கொட்டினார். தங்கள் கடலில் உள்ளதற்கு வால் இரண்டாகப் பிரிந்திருக்கும், இதற்கு வட்டம். மூச்சு விட மேலே வரும், தாய் குட்டியை அணைத்துக்கொண்டே நீந்தும். பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சின்னக் கை தந்த சந்தோசத்தில் மனிதருக்கு நிதானம் போய்விட்டது. வலையில் பட்டால் மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் செத்துவிடும், அரசாங்கத்துக்குத் தெரியாமல் இரவோடிரவாக வெட்டி, கோயில் பங்கை எடுத்துவைத்துவிட்டு வீடுவீடாகக் கொடுப்போம், இறைச்சி ஆட்டையும் மாட்டையும் தோற்கடிக்கும் என்றார்.

"குட்டி?"

"குட்டி தோணியைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதையும் பிடிச்சம்."

கை விடுபட்டது. பிள்ளை வீரிட்டு அழுதது. பாலத்தில் நின்ற அத்தனை வெள்ளைக்காரரும் திரும்பிப் பார்த்தார்கள். "அம்மாவும் சாப்பிட்டாவா?" என்று ஆரெலி விக்கி விக்கிக் கேட்டாள்.

"இல்லை. நான் தொட்டதே இல்லை" என்றாள் அஜந்தா.

கிறிஸ்தோப்பர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். இருக்க இடம் வேண்டுமே.

மூடியும் பலன் இல்லை. தாத்தா மேசையில் இருந்தால் சாப்பிட வரமாட்டேன் என்றது பிள்ளை. அவருக்குக் குசினியில் தனியாகக் கோப்பை வைத்தார்கள். அதையும் பொறுத்தார். அவர் தொட்ட பாண் வேண்டாம் என்றது. மருமகன் கணினிக்கு முன்னால் இருந்து அவருடைய பாரிஸ் ரிக்கெற்றை முன்னுக்கு மாற்றினான். "குறை நினைக்காதைங்கோ மாமா" என்றவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

விமான நிலையத்துக்கு அஜந்தா கூட்டிப்போனாள். பெட்டியை இறக்கி வைத்தபோதுதான் கிழவருக்குப் பொறுக்க முடியாமல் போயிற்று.

"பிள்ளை, கடற்பசு வெட்டின அண்டைக்கு உனக்கு ஆறு வயது. கோப்பையை நக்கிப்போட்டு, இன்னும் வேணும் எண்டு அழுதனி. நான் என்ரை பங்கைத் தந்தனான். மறந்துபோனியே?"

அஜந்தா பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

"மறக்கேல்லை அப்பா. அதுதான் உங்களை இஞ்சை வைச்சிருக்கேலாது."