கிளாட்வினுக்கு ஒரு சொல்

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர் மண்வெட்டியோடு காத்திருந்தார். சுவருக்கு உள்ளே வெட்டுவதா, வெளியே வெட்டுவதா என்று பங்குச் சாமியார் இன்னும் சொல்லவில்லை.

உள்ளே மந்திரித்த புனித மண். வெளியே, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்களின் இடம். தூத்துக்குடிக்குப் புதுத் துறைமுகம் வந்த வருஷம் அது. சங்கு குளிக்கப் போன கிளாட்வினை முந்தின நாள் வள்ளத்தில் பிணமாகக் கொண்டுவந்து போட்டதிலிருந்து, அவன் வேண்டுமென்றே கடலடியில் தங்கிவிட்டான் என்றுதான் கரை முழுக்கப் பேச்சு.

அவனுடைய அக்காள் பிளாரன்ஸ் பங்கு வீட்டில் சாமியார் முன்னால் நின்றாள். பக்கத்தில் அவள் புருஷன் பர்னபாஸ். கிளாட்வினுக்குக் கயிறு பிடித்தவன் அவன்தான். கடலில் முங்கிக் குளிக்கிறவனின் இடுப்புக் கயிற்றை, வள்ளத்தில் இருந்து மச்சான் முறைக்காரன் பிடிக்க வேண்டும் என்பது கரை வழக்கம். வீட்டில் பெண்டாட்டி முகத்தில் விழிக்க வேண்டுமே என்றாவது கவனமாக இருப்பான்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லும்மா," என்றார் சாமியார். அவர் கெட்டவர் இல்லை. "தம்பிக்குப் புத்தி சரியில்லைன்னு சொல்லு. சித்தம் கலங்கினவன் செஞ்சது பாவத்தில் சேராது. உள்ளேயே அடக்கம் பண்ணிரலாம்."

பிளாரன்ஸ் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் ஒரு சொல்லைப் புரட்டிப் பார்க்காமல் வாயில் எடுக்க மாட்டாள். தம்பியை ஊர் கிறுக்கன் என்றது. கையில் இருக்கிற கஞ்சி ஆறுவது தெரியாமல் அலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். அவனுக்குப் பொருந்துகிற சொல் எது என்று நேற்றிலிருந்து தேடிக்கொண்டிருந்தாள். சிந்தனையாளர் என்பது கட்சி நோட்டீசில் போடுகிற வார்த்தை. இவன் நாலு பேர் முன்னால் பேசியதே இல்லை. கற்பனைக்காரன் என்றால் புளுகன் என்றாகிவிடும். ஞானி என்றால் அவனே சிரிப்பான். 'அடியில மணல் மூச்சு விடுது அக்கா, நாம போனதும் அடக்கிக்கிடுது' என்று ஒரு நாள் அவளிடம் சொன்னான். அதற்குப் பிறகு மணலில் கால் வைக்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இப்படியொரு தம்பி கரையில் வேறு யாருக்கு இருக்கிறான் என்று உள்ளுக்குள் பெருமை.

"பைத்தியம்னு சொல்ல மாட்டேன் சாமி."

"பின்னே எப்படிப்பட்டவன்?"

"ஒண்ணைப் பாக்க ஆரம்பிச்சான்னா அதை விட்டுட்டு வர மனசு வராது அவனுக்கு."

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப மனசார அங்கேயே இருந்துட்டான்னு நீயே சொல்லிட்டியே."

உண்மையைச் சொல்லப் போய்ப் பிளாரன்ஸ் தம்பியைச் சுவருக்கு வெளியே தள்ளிவிட்டாள்.

அதுவரை தரையைப் பார்த்திருந்த பர்னபாஸ் நிமிர்ந்தான். "அவன் தங்கலை சாமி. நான்தான் இழுக்கலை."

கயிறு பிடிக்கிறவர்கள் நேரத்தைச் செபத்தால் அளப்பார்கள். விசுவாச மந்திரம் முடிந்தும் கீழிருந்து கயிறு அசையவில்லையென்றால் இழுத்துவிட வேண்டும்.

"மத்தவங்களுக்கு விசுவாச மந்திரம் முடிஞ்சதும் இழுத்துருவேன். இவனுக்கு மட்டும் கூட ஒரு பரலோக மந்திரம் சொல்லுவேன். 'இன்னும் கொஞ்சம் பாக்க விடும் மச்சான்'னு கெஞ்சுவான். வந்து பிள்ளைகளுக்குக் கதை கதையாச் சொல்லுவான், நானும் கேப்பேன். நேத்தும் சொன்னேன். ஆமென் சொல்லி இழுத்தா, கனமா வந்தான்."

சாமியார் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு வாசலுக்குப் போய் அங்கே நின்றவர்களிடம், "உள்ளே வெட்டச் சொல்லுங்க," என்றார்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது கூட வந்த வள்ளக்காரர் ஒருவர், "கிறுக்குப் பய, பாவம்," என்றார்.

"கிறுக்கன் இல்ல அண்ணாச்சி," என்றான் பர்னபாஸ். "பாத்துக்கிட்டே இருக்கிறவன்."

நேற்றிலிருந்து பிளாரன்ஸ் தேடியது அந்தச் சொல்லைத்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

அந்தியில் குடும்ப செபத்துக்கு உட்கார்ந்தார்கள். பர்னபாஸ் விசுவாச மந்திரத்தைச் சொல்லி முடித்தான். பரலோக மந்திரத்துக்கு வந்ததும் குரல் எழும்பவில்லை. மற்ற நாளாயிருந்தால் பிளாரன்ஸ் முதல் அடியை எடுத்துக் கொடுத்திருப்பாள். அன்று விளக்கைப் பார்த்தபடி சும்மா இருந்தாள்.