எங்கை போறியள் என்று கேட்ட முதல் நாள்

பிள்ளைகள், நீங்கள் வெளிக்கிடும்போது அம்மா "எங்கை போறாய்?" என்று கேட்பதில்லை, "தூரமோ?" என்றுதான் கேட்பார். எங்கே என்று கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. கேட்டுவிட்டால் திரும்பி வந்து, இருந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும். இது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

எண்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தேன். நான் வீட்டில் சும்மா இருப்பது என் அப்பாவுக்கு, உங்கள் அப்பப்பாவுக்கு, பொறுக்கவில்லை. எங்கள் எம்.பி.யின் அலுவலகத்தில் வேலை பழகச் சேர்த்துவிட்டார்.

"ஒழுங்காய் நிண்டால் நில். திருப்பி அனுப்பினாங்கள் எண்டால் நாளைக்கே கொடிகாமம்," என்றார்.

கொடிகாமம் என்றால் மாமாவின் தேங்காய்க் கடை. பகல் முழுக்கத் தேங்காய் உரிக்க வேண்டும். மாமா ஏசாத நேரங்களில் பாடுவார். ஏச்சையாவது தாங்கலாம்.

எம்.பி. வீட்டின் முன் அறைதான் அலுவலகம். ஒரு மேசை, தட்டச்சு யந்திரம், சனம் இருக்க இரண்டு வாங்குகள். பொறுப்பாக இருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

"தம்பி, ஐயா எங்கை, எப்ப வருவார் எண்டு சனம் கேட்டுக் கொல்லும். உனக்குத் தெரிஞ்சிருக்க வேணும். விளங்குதோ?"

"ஓம் மாஸ்டர்."

சற்று நேரத்தில் எம்.பி. வேட்டி சால்வையோடு வெளியே வந்தார். அரசாங்க அதிபரின் அலுவலகமான கச்சேரியில் கூட்டம். அவர் வாசற்படியில் கால் வைக்க, நான் துள்ளி எழுந்து, பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிக் குரலில் கேட்டேன்:

"ஐயா, எங்கை போறியள்?"

வாங்கில் இருந்த சனம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பப்பாப்பழத்தோடு வந்திருந்த ஒரு அம்மா, "அட கடவுளே!" என்று பழத்தை மடியில் அணைத்துக்கொண்டார்.

எம்.பி. திரும்பி வந்து கதிரையில் இருந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"மாஸ்டர், உவன் ஆற்றை பெடியன்?"

"உடுவிலிலை எங்கடை ஆள் ஒருத்தரின்ரை மகன் ஐயா."

"முதல் நாளே என்ரை பயணத்திலை கையை வைச்சிட்டானே!"

போனவர் கொஞ்ச நேரத்தில் வியர்க்க வியர்க்க நடந்தே திரும்பினார். கார் சந்தியில் நின்றுவிட்டதாம். கூட்டம் தவறிவிட்டது. மாஸ்டர் என்னைப் பார்த்து, "பின்னேரத்தோடை வீட்டை போ ஐசே. நாளைக்கு வரத் தேவையில்லை," என்றார். எனக்கு மாமாவின் பாட்டுக் கேட்கத் தொடங்கிவிட்டது.

பின்னேரம் கோயில்காரர் நாலு பேர் வந்தார்கள். தேர் வடத்தை முதலில் பிடிப்பது கிழக்குத் தெருவா, மேற்குத் தெருவா என்று ஊரில் சண்டை. வந்தவர்கள் கிழக்கு.

"ஐயா இப்பவே வந்து எங்கடை பக்கம் ஒரு வார்த்தை சொன்னால் காணும்."

இரண்டு தெருவும் எம்.பி.க்கு வாக்குப் போட்ட தெருக்கள். முடியாது என்று சொல்லவும் வழியில்லை. சால்வையை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். செருப்பைத் தேடித் தேடிப் போட்டார். படியில் கால் வைத்தவர் நின்று, திரும்பி என்னைப் பார்த்தார். இருமினார். இன்னொருமுறை, கொஞ்சம் பலமாக இருமினார்.

அப்போதுதான் விளங்கியது. பிழையாய்ப் போனாலும் கொடிகாமம்தானே என்று எழுந்தேன்.

"ஐயா, எங்கை போறியள்?"

"டேய் விசரா!" என்று நாலு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

எம்.பி. பெருமூச்சோடு வந்து கதிரையில் சாய்ந்தார். "பாத்தியளே? கோயில் விஷயம். சகுனப்பிழையோடை வரலாமோ?"

"தண்ணியைக் குடிச்சிட்டு வாங்கோவன் ஐயா."

"காலமையும் குடிச்சிட்டுத்தானே போனனான். கார் இன்னும் சந்தியிலை நிக்குது."

"அப்ப வேண்டாம் ஐயா, பிறகு பாப்பம்," என்று என்னை முறைத்துக்கொண்டே போனார்கள்.

அவர்கள் படலையைச் சாத்தும்வரை எம்.பி. பொறுத்திருந்தார்.

"மாஸ்டர், தம்பி நாளைக்கும் வரட்டும். மேற்குத் தெருக்காரர் நாளைக்கு வருவினம்."

மாஸ்டர் என் கதிரையைத் தூக்கி, வாசற்படிக்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்தார்.