டிரைவருக்கு முதல் இலை

டூர் ஏஜென்ட் ஐயா, சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதரைப் பாதியில் எழுப்பியவர் நீங்கள்தான்.

2008. பிச்சாவரம் பார்க்க வரும் டூரிஸ்ட் வேன்கள் கிள்ளையில் எங்கள் தோப்பில்தான் தங்கும். பெரும்பாலும் நீங்கள் அனுப்பியவை. மாமியார் சமைப்பார், நான் பரிமாறுவேன், மாமனார் மைக்கில் பாடுவார், பயணிகள் மணலில் ஆடுவார்கள். அந்த மீன் குழம்பு வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. விடிந்தால் வண்டி ஓட்ட வேண்டியவர் என்று, முதல் இலை டிரைவருக்குத்தான் போடுவோம்.

அன்று நீங்கள் கத்தினீர்கள்: "பார்ட்டிங்க நிக்கிறாங்க, உனக்கென்னய்யா பந்தி? எழுந்திரு!"

டிரைவர் பிசைந்த கையோடு எழுந்துவிட்டார். மாமனார் பாட்டை நிறுத்தி மைக்கிலேயே சொன்னார்: "நீ உக்காரு தம்பி. இது எங்க வூட்டுப் பந்தி."

"இனிமே ஒரு வேன் வராது, பாத்துக்க!"

"வராட்டிப் போவுது. எம் பாட்டுகிட்டேருந்து தப்பிச்சாங்க."

தோப்பே சிரித்தது. திரும்ப உட்கார்ந்த டிரைவர் மட்டும் நிமிராமல் சாப்பிட்டார்.

சொன்னபடியே வேன்களை நிறுத்தினீர்கள். அடுத்த வருடமே தோப்பை மூடினோம். மாமனார் ஒருநாளும் வருந்தவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. உங்கள் பெயரைப் போட்டு, இந்தக் கடிதம் வெளிவரும் இதே பத்திரிகையில் எழுதுங்கள்: அந்த டிரைவர் செய்த தப்பு என்ன?