அழித்து வரைந்த கோடு

பத்து வயதில் எனக்கு நன்றாகப் படம் வரைய வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். பள்ளி ஆண்டு விழாவில் நான் வரைந்த மயிலுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசாகக் கிடைத்தது. அதிலிருந்து வீட்டில் கோடு போடும் வேலை எதுவானாலும் அது என்னுடையது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருந்தோம். அப்பா ஆட்டோ ஓட்டினார். அம்மா அடையாற்றில் மூன்று வீடுகளில் சமையல் செய்தாள். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். எங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். பி.எஸ்சி. எலக்ட்ரானிக்ஸ், முதல் வருடம். அது என்ன படிப்பு என்று கேட்டவர்களிடம் அம்மா, "செல்போன் உள்ள கீது இல்ல, அது" என்று சொல்லிவிடுவாள்.

வாரத்தில் ஒரு நாள் அக்காவுக்கு லேப் இருந்தது. அங்கே செய்த ஒரு பரிசோதனையை எனக்கு அவள் விளக்கிச் சொல்லியிருக்கிறாள். டையோடு என்பது அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய பொருள், இரண்டு பக்கமும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். மின்சாரத்தை ஒரு திசையில்தான் விடும். அந்தத் திசையிலும் உடனே விடாது. வோல்ட்டை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு போனால் ஓர் இடம் வரை மீட்டர் அசையாது. அதைத் தாண்டியதும் மளமளவென்று ஏறும். ஒவ்வொரு படியிலும் மீட்டரில் தெரிவதை எழுதிக்கொள்ள வேண்டும். அதை ரீடிங் என்பார்கள். ரீடிங்கை ரெக்கார்டு நோட்டில் பேனாவால் அட்டவணையாக எழுதி, எதிர்ப்பக்கம் கிராஃப் தாளில் பென்சிலால் புள்ளி வைத்துக் கோடு போட வேண்டும். எல்லாப் பரிசோதனைக்கும் லேப் மேடத்தின் கையெழுத்து இருந்தால்தான் பிராக்டிகல் தேர்வு எழுத விடுவார்கள்.

நோட்டைக் கொடுப்பதற்கு முந்தைய நாள் மாலை, அக்கா டையோடு கிராஃபை முடித்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கக் கீழே போனாள். லாரி வந்திருந்தது, குடங்களின் வரிசை நீளமாக இருந்தது. நான் திறந்திருந்த நோட்டைப் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. எட்டுப் புள்ளிகளும் ஆளுக்கொரு பக்கம் நின்றன. கோடு அவற்றுக்கு நடுவில் சமாதானம் பேசுவதுபோல் போயிற்று. பக்கத்திலேயே பாடப்புத்தகத்தில் அதே படம் இருந்தது. அதில் கோடு பாயின்ட் ஏழு வோல்ட் வரை தரையில் படுத்திருந்து, பிறகு நிமிர்ந்து மேலே போனது. அக்காவின் கோடோ பாயின்ட் மூன்றிலேயே எழுந்துவிட்டிருந்தது. படிக்கிறவர்களுக்கு வரைய வராது என்பது அப்போது எனக்கிருந்த உறுதியான கருத்துகளில் ஒன்று.

ரப்பரை எடுத்துக் கோட்டையும் புள்ளிகளையும் அழித்தேன். என் பென்சிலைச் சீவி, புத்தகத்தைப் பார்த்து ஒரே இழுப்பில் கோட்டைப் போட்டேன். கோட்டைப் போட்ட பிறகு அதன் மேல் எட்டுப் புள்ளிகளை வைத்தேன். அட்டவணையைத் தொடவில்லை. அது பேனாவில் இருந்தது, தவிர எண்களில் எனக்கு ஆர்வமும் கிடையாது. மேடம் பாராட்டும்போது அக்கா ஆச்சரியப்படட்டும் என்று நோட்டை மூடி வைத்துவிட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்த அக்கா அதை அப்படியே பையில் வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை அக்காவை மட்டும் கல்லூரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் யாரும் இல்லாததால் என்னையும் கூட்டிப்போனாள். எதற்கு என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். தீபாவளிக்கு எடுத்த கவுனைப் போட்டுக்கொண்டேன்.

லேப் நீளமான அறை. மேடம் ரெக்கார்டைத் திறந்து வைத்து எங்களுக்காகக் காத்திருந்தார். கத்துகிறவர் இல்லை. இரண்டு பக்கத்தையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

"டேபிள்ல பாயின்ட் மூணு. கிராஃப்ல பாயின்ட் ஏழு. ரெண்டுல ஒண்ணு பொய். எதுன்னு நீயே சொல்லிடும்மா."

அக்கா குனிந்து பார்த்தாள். அழித்த இடத்தில் தாள் பஞ்சு பஞ்சாக எழுந்திருந்தது. நான் பென்சிலை அழுத்தி எழுதுகிறவள். என் கோடு தாளில் பள்ளமாகவே விழும். அந்தப் பள்ளத்தின் மேல் அவள் ஒருமுறை விரலை ஓட்டினாள். நான் அவளுக்கு ஓரடி தூரத்தில், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"கோடுதான் மேடம். பாக்க நல்லா இருக்கட்டும்னு நான்தான் மாத்திட்டேன்."

"புக்கைப் பாத்தா?"

"ஆமா மேடம்."

அப்படியானால் மீட்டர் எதற்கு, ஒயர் எதற்கு, வீட்டிலேயே உட்கார்ந்து வரைந்துவிடலாமே என்று மேடம் கேட்டார். ரீடிங்காவது அவள் எடுத்ததா, இல்லை அதுவும் எங்கிருந்தாவது வந்ததா என்று கேட்டபோது மட்டும் அக்கா தலையை நிமிர்த்தினாள். "ரீடிங் நான் எடுத்தது மேடம்" என்றாள். குரல் உடைந்திருந்தது. பொய்யை நடுங்காமல் சொன்னவள் உண்மையைச் சொல்லும்போது ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

மறுபடி செய்து காட்டினால் கையெழுத்துப் போடுவதாக மேடம் சொன்னார். அக்கா அவளுடைய மேஜைக்குப் போய் அன்று தனக்குக் கொடுத்திருந்த தட்டிலிருந்து அதே டையோடை எடுத்து இணைத்தாள். குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். வோல்ட்டைக் காட்டும் மீட்டரில் பாயின்ட் ஒன்று வந்தது, பாயின்ட் இரண்டு வந்தது. மின்சாரத்தைக் காட்டும் இன்னொரு மீட்டர் சும்மா இருந்தது. பாயின்ட் மூன்றுக்குப் பக்கத்தில் அது எழுந்தது. எண்கள் ஏறுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். புத்தகம் அந்த அறையில் எங்கும் இல்லை.

மேடம் டையோடைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லோருக்கும் கொடுத்தது சிலிக்கான். அது பாயின்ட் ஏழில் எழும். ஜெர்மேனியம் என்று இன்னொரு வகை, பாயின்ட் மூன்றிலேயே எழும். அதில் ஒன்று எப்படியோ இந்தத் தட்டில் கலந்துவிட்டிருந்தது.

"மொத்த கிளாஸ்ல உனக்கு மட்டும் வேற வந்திருக்கு. அதை நீ சரியா புடிச்சிருக்க. புடிச்சதை நீயே அழிச்சிட்டியே" என்றார். அந்தப் பக்கம் அப்படியே இருந்திருந்தால் வகுப்பு முழுவதற்கும் காட்டியிருப்பேன் என்றும் சொன்னார். பிறகு கிராஃபின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, மதிப்பெண்ணைக் குறைத்து, கையெழுத்துப் போட்டார். போகும்போது என் கன்னத்தைத் தட்டினார்.

"பாப்பா, நீயாவது பெரியவளானா பொய்க் கோடு போடாத, என்ன?"

நான் தலையாட்டினேன். அன்று அந்த அறையில் நான் கொடுத்த ஒரே வாக்குமூலம் அதுதான்.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளுக்குத் தெரியாது என்று ஒரு நிறுத்தத்திலும், தெரியும் என்று அடுத்த நிறுத்தத்திலும் நினைத்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்லிவிடுவாளோ என்ற பயம் வந்தது. அதனால் அம்மா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே நான் முந்திக்கொண்டேன்.

"மா, அக்கா காலேஜ்ல திட்டு வாங்கிச்சு. புக்கைப் பாத்துப் பொய்க் கோடு போட்டுச்சாம்."

அம்மா அக்காவைப் பார்த்தாள். "இன்னாடி சொல்றா இவ?"

"ஆமாம்மா. இப்ப செரியாப் பூட்ச்சு. கையெழுத்து வாங்கிட்டேன்."

"பொய் சொல்லிக்கினு பாஸ் பண்றதுக்கா உன்ன காலேஜ் அனுப்பிச்சேன்? அதுக்கு என்கூட ஊட்டு வேலைக்கே வந்துருக்கலாம் நீ."

அக்காவைக் கல்லூரியில் சேர்க்க அம்மா அப்பாவோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தவள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. அக்கா தட்டை எடுத்து வைத்து எனக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். மீன் தலை எனக்குப் பிடிக்கும். அதையும் எனக்கே வைத்தாள். நான் தப்பித்துவிட்டேன் என்று சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

மறுநாளிலிருந்து ரெக்கார்டு நோட்டு வெளியில் இருப்பதில்லை. ஆற்றோரத்தில் இருந்த எங்கள் குடியிருப்பில் மழைக்காலம் வந்தால் வெள்ளத்துக்குப் பயந்து ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி லாஃப்ட்டில் ஏற்றிவிடுவார்கள். அக்காவும் நோட்டை எழுதி முடித்ததும் ஒரு கவரில் போட்டு முடிச்சிட்டு, ஸ்டூலில் ஏறி, லாஃப்ட்டின் பின்சுவர் வரை தள்ளி வைத்தாள். அதே ஸ்டூலில் நான் ஏறினால் என் கை விளிம்பைத்தான் தொடும். அது பங்குனி மாதம். ஆறு வற்றி நாறிக்கொண்டிருந்தது, வானத்தில் ஒரு மேகம் இல்லை. மழைக்கு இத்தனை மாதம் முன்பே தயாராகிவிடுகிறாள் எங்கள் அக்கா என்று பள்ளியில் பக்கத்துப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன்.