கரடி பேசிய இங்கிலீஷ்

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்ற செய்தியை எங்கள் தோட்டத்தில் முதலில் பரப்பியவர் என் அப்பா. நான் அதை மறுக்கவில்லை. என் பங்குக் குற்றம் அவ்வளவுதான்.

ஹட்டனுக்கு மேலே இருந்த தோட்டம் அது. அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடியைக் கத்தியால் தறித்துக் கட்டையாக்கி, மறுபடி துளிர்க்க விடுகிற வேலை. அம்மா கொழுந்து பறித்தார். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை போய்விட்டு, பன்னிரண்டு வயதானதும் 'பேர் பதிந்து' மலைக்கு ஏறிவிடுவார்கள். தோட்டத்து ஆள் என்று பதிவில் ஒருமுறை ஏறிய பேர் லேசில் இறங்காது. அப்பா மட்டும் பிடிவாதமாக என்னை ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். தினமும் மூன்று மைல் இறங்கி நடந்து, பஸ் பிடித்துப் போய் வந்தேன்.

அங்கே ஒன்றரை வருஷத்தில் நான் கற்ற இங்கிலீஷ் மொத்தமும் ஒரு லீவுக் கடிதம். 'ஐ யம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்பது அதன் உயிர்நாடியான வரி. வாத்தியார் பிரம்பின் துணையோடு புகட்டியதால் கமா, புள்ளி எல்லாம் சேர்த்து மனப்பாடம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அப்பா, கொஞ்சம் இங்கிலீஷ் பேசு என்பார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எனக்குக் காய்ச்சல் என்பதையும் மூன்று நாள் லீவு தேவை என்பதையும் கணீரென்று தெரிவிப்பேன். ராகலையிலிருந்து வந்திருந்த சித்தப்பா ஒருமுறை அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதெல்லாம் பெரிய கங்காணிக்குப் பிடிக்கவில்லை. எங்கள் லயத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் மேலே இருந்தவர் அவர். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு, கோட்டுப் பையில் சங்கிலி போட்ட கடிகாரம். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு 'க்கும்' போடுவார். பிறகு கடிகாரத்தை இழுத்துப் பார்ப்பார். அப்புறம்தான் வாய் திறக்கும். தான் சொன்னால்தான் இந்த மலையில் மழையே பெய்யும் என்பது அவர் அடிக்கடி அறிவிக்கிற விஷயம். அவரைக் கேட்காமலேயே வருஷத்தில் எட்டு மாதம் அங்கே மழை பெய்தது; அதை அவரிடம் சொல்ல ஆளில்லை.

எனக்குப் பன்னிரண்டு முடிந்த மாதமே அவர் அப்பாவைக் கூப்பிட்டு, பையனைப் பேர் பதிந்துவிடச் சொன்னார். அப்பா இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தார். கங்காணியிடம் இழுப்பதற்கும் ஒரு அளவு உண்டு. வேலை, லயத்தில் இருந்த அந்த ஓர் அறை, எல்லாம் அவர் வாயில்தான் இருந்தன.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரை சீமைக்கு லீவில் போய்விட்டுத் திரும்பி வந்தார். கூடவே ஒரு படப்பெட்டியும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபாக்டரி மேல்மாடியில், கொழுந்து வாட்டுகிற இடத்தில், எல்லோருக்கும் படம் காட்டப்போவதாகச் சொல்லியனுப்பினார். சாதாரணப் படம் இல்லையாம். கையால் வரைந்த மிருகங்கள் ஓடுமாம், சண்டை போடுமாம், இங்கிலீஷ் பேசுமாம்.

சனிக்கிழமைப் பெரட்டில் கங்காணி 'க்கும்' போட்டார்.

"இவன் மகன் இங்கிலீஸ்ல பொளந்து கட்டுறானாமே. நாளைக்கு அவனே முன்னுக்கு நின்னு படம் பேசுறத நமக்குத் தமிழ்ல சொல்லட்டும். சரியாச் சொன்னா படிக்கட்டும். இல்லாட்டி திங்கக்கெழம பேரப் பதிஞ்சிருவோம்."

"சொல்லுவானுங்க" என்றார் அப்பா.

வேலை முடிந்து வந்து அவர் இதை ஒரு நல்ல செய்தியைப் போலத்தான் என்னிடம் சொன்னார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா என் பள்ளிக்கூடச் சட்டையை எடுத்து நீலம் போட்டு அலச ஆரம்பித்துவிட்டார். நீலம் போட்ட பிறகு எப்படிச் சொல்வது? நிஜமாகவே காய்ச்சல் வந்தால் தப்பிக்கலாம் என்று மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியின் அடியில் மூன்று தடவை போய் நின்றேன். கடிதத்தில் அவ்வளவு சுலபமாக வருகிற காய்ச்சல் உடம்புக்கு வரவே இல்லை. பசிதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மேல்மாடி ஜன்னல்களுக்கெல்லாம் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கியிருந்தார்கள். பங்களாவின் படுக்கை விரிப்புதான் திரை. கரண்டுக்காகக் கீழே ஃபாக்டரி எஞ்சினை ஓட்டினார்கள். துரையும் துரைசானியும் நாற்காலியில். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் கங்காணி. மற்ற இருநூறு பேரும் பலகைத் தரையில். நான் நீலம் போட்ட சட்டையோடு திரைக்குப் பக்கத்தில் நின்றேன், தூக்குமேடைக்குக் குளித்துவிட்டு வந்தவன் மாதிரி.

வெளிச்சம் விழுந்தது. தொப்பியும் கோட்டும் போட்ட ஒரு கரடி திரைக்குள் நடந்து வந்தது. அது இன்னும் பேசக்கூட இல்லை, துரையும் துரைசானியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த நடை அவர்கள் நாட்டில் யாரோ பெரிய மனிதருடைய நடையாம். கரடி தொப்பியைத் தூக்கினால் அது ஒரு நடிகராம். முயல்கள் வரிசையாகப் போனால் அது அவர்கள் பட்டாளமாம். ஆட்களைத் தெரிந்தவனுக்குத்தான் அதில் சிரிப்பு. இதெல்லாம் நான் கொழும்பில் குமாஸ்தாவான பிறகு ஒருவர் விளக்கித் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் துரை சிரித்ததால் கங்காணி சிரித்தார். கங்காணி சிரித்ததால் இருநூறு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த கையோடு கங்காணி, என்னடா சொல்லுது அது, என்று என் பக்கம் திரும்பினார்.

கரடி வேகமாகப் பேசிக்கொண்டு போனது. 'ஃபீவர்' என்ற சொல் எங்கேயாவது வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தேன். வரவில்லை. ஓரமாக நின்றிருந்த அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஈரமே இல்லாத துண்டை, முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்.

அப்போது கரடி ஒரு காரியம் செய்தது. தொண்டையைச் செருமிவிட்டு, கோட்டுப் பைக்குள் கையை விட்டு, சங்கிலி போட்ட ஒரு கடிகாரத்தை இழுத்துப் பார்த்தது.

சத்தியமாக நான் யோசிக்கவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"க்கும். நான் சொன்னாத்தான்டா இந்த மலையில மழையே பேயும்."

 பின்வரிசை இருட்டில் யாரோ ஒரு பெண் சேலையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு பலகைத் தரையே அதிர்ந்தது.

அந்த வயதில் எனக்கு ஒரு சிரிப்பு கிடைத்தால் போதும், கழுத்தில் கத்தி இருப்பது மறந்துவிடும். ஹட்டன் டென்ட்டுக் கொட்டகையில் பார்த்த ராஜாக்களின் குரலைக் கரடிக்குப் பாதி கொடுத்தேன். மீதிப் பாதி கங்காணி. முயல்கள் கூடையோடு ஓடி வந்தபோது, "யாரங்கே! முயல் படையே, கூடையை இறக்குங்கள்! கொழுந்தே இல்ல, பூராவும் முத்தலு! எல்லாருக்கும் இன்னைக்கு அரைச் சம்பளம்!" என்று கரடியை முழங்க வைத்தேன். கீழே எஞ்சின் மூச்சு வாங்கிக் கரடியின் குரல் இழுத்துக்கொண்டு போனபோது, ஐயாவுக்கு நேற்றுக் குடித்தது இன்னும் இறங்கவில்லை என்று விளக்கம் சொன்னேன். ஒரு கிழவர் போதும்டா தம்பி, வயிறு வலிக்குது என்று கும்பிட்டார். துரைசானி திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு குட்டி முயலைத் துரத்திக்கொண்டு ஓடிய கரடி, மலை உச்சியிலிருந்து சறுக்கி ஒரு வேரைப் பிடித்துத் தொங்கியது. அந்த நேரம் பார்த்து எஞ்சின் நின்றுவிட்டது. கரடியும் நின்றது, பிறகு மறைந்தே போனது. யாரோ சாக்குகளைத் தூக்கினார்கள். பகல் உள்ளே வந்தது.

வெளிச்சத்தில்தான் கங்காணியின் முகத்தைப் பார்த்தேன். எழுந்து நின்றிருந்தார்.

"தொரைங்களே, பையன் சொன்னது அந்தப் படத்துல உள்ளதுதானுங்களா?"

துரைமார் தமிழ்ப் பரீட்சை எழுதித்தான் தோட்டத்துக்கு வருவார்கள் என்பது எனக்கு அந்த வினாடிதான் ஞாபகம் வந்தது. நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் புரிந்திருக்கிறது.  அப்பாவின் பக்கம் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

துரை எழுந்து என் முன்னால் வந்து நின்று, இங்கிலீஷில் ஏதோ கேட்டார். கேள்வி என்பது மட்டும் தெரிந்தது. என் கையில் இருந்த பதில் ஒன்றுதான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னேன்.

"ஐ யம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், சார்."

துரைசானி கைக்குட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். துரையின் மீசை மட்டும் லேசாக ஆடியது. அவர் குனிந்து, ஒரு டாக்டரைப் போல, என் நெற்றியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு கங்காணியின் பக்கம் திரும்பினார்.

"கங்காணி, பையன் சரியா சொல்றான். கரடி அப்படித்தான் பேசுது."

வயிற்றில் கிடந்த பாறாங்கல் ஒன்று கரைந்து தண்ணீராகக் கால் வழியாக இறங்கிப் போனது போல் இருந்தது. நிஜமாகவே தண்ணீர் இறங்கியதா என்று குனிந்தும் பார்த்துக்கொண்டேன். இல்லை, மானம் தப்பியது. கங்காணி, சரிங்க தொரை, என்றார். அப்பாவின் பக்கம் பார்க்காமலே, படிக்கட்டும், என்று ஒரே சொல்லோடு படியிறங்கிப் போனார். அப்பா அப்படியே சுவரோரம் குந்திவிட்டார். கொழுந்துக்காரப் பெண்கள் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். துரை என்னைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணியதாக லயம் முழுக்கப் பேச்சு. நெற்றியைக் கழுவக்கூடாது என்று அம்மா சட்டம் போட்டுவிட்டார்.

இறங்கி வரும் வழியில் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தக் கரடி நெசமாவே மழையப் பத்திப் பேசுச்சாடா?"

"ஆமாப்பா."

"ம். பேசியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தார். சந்தோஷத்தில் சிரிக்கிறார் என்று நினைத்தேன். துரையை, கங்காணியை, இருநூறு பேரை ஒரே மத்தியானத்தில் ஏமாற்றிவிட்ட மகா கெட்டிக்காரன் நான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கங்காணிக்கு அந்தக் கரடி யாரென்று கண்டுபிடிக்கத் தெரியவில்லையே என்று அவருக்காகக் கொஞ்சம் பரிதாபம்கூடப் பட்டேன். அவர் கண்டுபிடித்திருந்தாலும், 'அந்தக் கரடி நான்தான்' என்று துரை முன்னால் தானே எழுந்து நின்று ஒத்துக்கொண்டால்தானே முறையிட முடியும்? அந்தக் கணக்கெல்லாம் போடுகிற மூளை எனக்கு அப்போது இல்லை.

திங்கட்கிழமை காலை புத்தகப் பையோடு இறங்கினேன். ரோட்டுக்குப் போகப் பெரட்டுக் களத்தைத் தாண்டியாக வேண்டும். ஆட்கள் எல்லோரும் மலைக்குக் கிளம்பிவிட்டிருந்தார்கள். கங்காணி மட்டும் தனியாக நின்றார். சத்தம் காட்டாமல் ஓரமாகப் போகப் பார்த்தேன்.

"டேய், இங்க வா."

போனேன். அடிப்பார் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"எஞ்சின் நின்னு போச்சே. கரடி தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் என்ன ஆச்சு?"

அடி இல்லை, கதைதான் கேட்கிறார் என்றதும் எனக்கு உற்சாகம் பீறிட்டுக்கொண்டு வந்தது.

"விழுந்துருச்சுங்க. முயலெல்லாம் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துச்சுங்க. அப்புறம் அதுங்கபாட்டுக்கு வேலைக்குப் போயிருச்சுங்க."

"கரடி இல்லாமலா?"

"ஆமாங்க. வேலை அதுங்களுக்குத்தானே தெரியும்."

அவர் மேலே மலையில் ஏறிக்கொண்டிருந்த ஆட்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தலையில் லேசாகக் கை வைத்து, "பஸ்ஸு போயிரும், ஓடு" என்றார்.

பேர் கூப்பிடுகிற வேலையை அந்த மாதத்தோடு அவரிடமிருந்து எடுத்துக் கணக்கப்பிள்ளையிடம் கொடுக்கப்போவதாகத் துரை முந்தின வாரமே அவரிடம் சொல்லியிருந்தாராம். எனக்கு அது தெரியாது. கங்காணிக்குக்கூட என் இங்கிலீஷ் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்ற சந்தோஷத்தோடு சரிவில் இறங்கி ஓடினேன்.