ஒஸ்லோவில் நான் உட்கார்ந்த பின் சீட்

கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சென்ற ஜூனில் ஒஸ்லோத் தமிழர் வாசகர் வட்டம் பேச அழைத்தது. தலைப்பு: பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஐரோப்பியப் பயணிகள் கண்ட சமத்துவம். வெளிநாட்டில் எனக்கு முதல் பேச்சு. கேள்வி நேரத்தில் சாயம் வெளுத்துவிடுமோ என்று குறிப்புகளை மறுபடி மறுபடி படித்தேன்.

மாலை 4.10-க்கு நகர மையத்தில் டி-பானே என்கிற மெட்ரோ ஏறினேன். டிக்கெட் 44 குரோனர். இருபது சொச்சம் நிமிடத்தில் ரொம்மன் நிலையம். வெளியே தூறல். வட்டத்தின் செயலாளர் தர்ஷினி காரோடு நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், மருத்துவமனைத் தாதி. சிறப்பு விருந்தினர் ஆயிற்றே! நான் பின் கதவைத் திறந்து ஜம்மென்று உட்கார்ந்தேன்.

"சேர், முன்னுக்கு வாங்கோவன்."

"பரவாயில்லம்மா, இங்கயே வசதியாத்தான் இருக்கு."

அவர் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். ஹவுகன்ஸ்டுவா பகுதியிலிருந்த மண்டபம் ஒரு கிலோமீட்டர்தான்.

பேச்சு நன்றாகவே போனது. வேலைக்காரர் முதலாளிக்குக் கைகொடுப்பதைக் கண்டு அந்தப் பயணிகள் திகைத்ததைச் சொன்னேன். அதே நாட்டில் கறுப்பின மக்களைச் சந்தையில் விற்றார்களே, அது என்ன சமத்துவம் என்றும் கேட்டேன். பிறகு குரலை உயர்த்தி, "வண்டியோட்டி பயணிகளோடு ஒரே மேசையில் சாப்பிட்டார்!" என்றேன். கைதட்டல்.

முதல் கேள்வி தர்ஷினியிடமிருந்து வந்தது. "சேர், அந்தப் பயணி வண்டியிலை எங்கை இருந்தவர்? முன்னுக்கோ, பின்னுக்கோ?"

அவர் என்னை முன்னால் கூப்பிட்டது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. இங்கே கார் ஓட்டி வருபவர் பக்கத்தில் உட்காராவிட்டால் அவரை டிரைவராக்கியதாக அர்த்தம். அடக் கடவுளே! காது மடல் சுட்டது. மழுப்பினால் பேசியதெல்லாம் பொய்யாகிவிடும்.

"அவர் எங்கன்னு தெரியாதும்மா. நான் பின்னாடி உட்கார்ந்தேன். மன்னிச்சிடுங்க."

மண்டபம் அதிர்ந்தது. தர்ஷினிதான் அதிகம் சிரித்தார். "ஐயோ சேர், திரும்பிப் போகேக்கை முன்னுக்கு வாங்கோ, கதைச்சுக்கொண்டு போவம்." அப்படியே போனோம்.

போகிறவர்களுக்கு: ஜூனிலும் மழைச் சட்டை வேண்டும். டிக்கெட்டை ஏறும் முன்பே வாங்கிவிடுங்கள். யாராவது காரில் அழைக்க வந்தால் முன் சீட்டில் உட்காருங்கள்.

ஊர் திரும்பியதும் மதுரை விமான நிலையத்தில் டாக்ஸியின் முன் கதவைத் திறந்தேன். ஓட்டுநர் பதறிப்போனார். "பின் சீட்டு அழுக்கா இருக்கா சார்?"

"இல்லப்பா, பேசிக்கிட்டே போகலாம்னுதான்."

அவர் முன் சீட்டிலிருந்த தன் சாப்பாட்டுப் பையை எடுத்துப் பின்னால் வைத்தார். வீடு வரை அந்தப் பைதான் சிறப்பு விருந்தினர்.